ஒரு நிமிட வாசிப்பும் 2 சிலிங் 8 பென்ஸும்

சென்ற தவணை முன்னேற்ற அறிக்கை கொடுத்த நாள். ஒரு தாய் வந்தார். அறிக்கையைத் திறக்காமலே, "டீச்சர், எண்ட மகன் எத்தனையாம் புள்ள?" என்று கேட்டார். "ஒன்பதாம் புள்ள ராத்தா" என்றேன். தமிழில் 78 புள்ளி. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

அடுத்த தவணை தொடங்கிய கிழமை, பழைய பத்திரிகை ஒன்றின் சிறுவர் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பந்தியை வெட்டி வகுப்பில் வாசிக்கக் கொடுத்தேன். அந்த மகன் இரண்டாவது சொல்லிலேயே நின்று விட்டார். நேரம் போனது, குரல் வரவில்லை. பிறகு பாடப்புத்தகத்தை விரித்துக் கொடுத்தேன். மடமடவென்று வாசித்தார். விரல் வைத்து வாசிக்கச் சொன்ன போதுதான் விசயம் பிடிபட்டது. குரல் மூன்றாவது வரியில், விரல் இரண்டாவது வரியில். குர்ஆன் மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த காட்சி. பிள்ளை மனப்பாடமான சூராவை ஓதும் போது விரல் தன் பாட்டில் எங்கோ போகும்.

அந்த 78 புள்ளியைக் கொடுத்தது நான்தான். வினாத்தாளுக்கான வாசிப்புப் பந்தியைப் பாடப்புத்தகத்திலிருந்தே எடுத்திருந்தேன். கேள்விகளும் வகுப்பில் செய்தவைதான். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்று நான் பார்க்கவே இல்லை. ஞாபகம் இருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன்.

மனம் உறுத்தியது. கலாசாலையில் படித்த காலத்து மதிப்பீட்டுக் கொப்பிகளைத் தூசு தட்டி எடுத்தேன். அன்று பரீட்சைக்காக எழுதி மறந்து போன சில பெயர்கள் அதில் இருந்தன. அவற்றைத் தேடி வாசிக்க வாசிக்க, நான் செய்த பிழை 160 வருடப் பழைய பிழை என்று விளங்கியது. கொஞ்சம் நீளமான கதை. பொறுமையாக வாசியுங்கள்.

1861இல் இங்கிலாந்தில் நியூகாசில் ஆணைக்குழு ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. அரசாங்கம் பணம் கொடுக்கிறது, ஆனால் பல பிள்ளைகளுக்கு வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒழுங்காக வரவில்லை என்ற முறைப்பாடு அதில் இருந்தது. அப்போது கல்விக்குப் பொறுப்பாக இருந்தவர் ரொபர்ட் லோ. கணக்குப் பார்த்துச் செலவு செய்கிற மனிதர். 1862இல் அவர் கொண்டு வந்ததுதான் திருத்தப்பட்ட கல்விக் கோவை. பாடசாலைக்கு ஒரு பிள்ளையின் சராசரி வரவுக்கு 4 சிலிங். அதற்கு மேலே, ஆறு வயதைத் தாண்டி 200 தடவைக்கு மேல் வந்த பிள்ளைக்கு 8 சிலிங். ஆனால் பரிசோதகர் நேரில் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்க, எழுத, கணக்குச் செய்ய வைப்பார். ஒரு பாடத்தில் தவறினால் 2 சிலிங் 8 பென்ஸ் வெட்டு. மூன்றிலும் தவறினால் 8 சிலிங்கும் போய்விடும்.

அளவுகோல்களும் தெளிவாகத்தான் எழுதப்பட்டிருந்தன. முதலாம் படியில் ஒற்றை அசைச் சொற்களால் ஆன சிறு கதை. கணக்கில் 20 வரை இலக்கங்களை எழுதுவதும் சொல்வதும், 10 வரை கூட்டல் கழித்தல். ஆறாம் படியில் பத்திரிகையின் சாதாரண பந்தி ஒன்றை வாசிக்க வேண்டும். இன்று நாம் பேசுகிற அடைவு மட்டங்களுக்கு இது ஒரு மூதாதை என்றே சொல்லலாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்கக் கேட்பது நல்ல விசயம்தானே? எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

நடந்தது வேறு. பெரும்பாலான படிகளுக்கு வாசிப்பு, பாடசாலையில் பாவிக்கிற புத்தகத்திலிருந்தே கேட்கப்பட்டது. ஆசிரியரின் சம்பளமோ இந்த மானியத்தில் தங்கியிருந்தது. அவர் என்ன செய்வார்? வருடம் முழுக்க அந்த ஒரு புத்தகத்தையே சொல்லிச் சொல்லி மனப்பாடமாக்கினார். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி சரியாக "வாசித்த" பிள்ளைகளைப் பற்றிய கதைகள் இன்றும் சொல்லப்படுகின்றன. சரித்திரம், புவியியல் எல்லாம் ஓரத்துக்குப் போயின, அவற்றுக்குப் பணம் இல்லையே. பரிசோதகர் வரும் நாளில் சுகமில்லாத பிள்ளைகளையும் தூக்கி வந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு மேலதிகமாக எதையும் சொல்லிக் கொடுப்பதில் ஆசிரியருக்கு ஆதாயம் இருக்கவில்லை. அந்தப் பிள்ளை எப்படியும் சித்தியடையும்.

இதையெல்லாம் உள்ளிருந்தே பார்த்தவர் மத்தியூ ஆர்னோல்ட். கவிஞராக அவரைப் பலருக்குத் தெரியும். ஆனால் 1851 முதல் 1886 வரை, 35 வருடங்கள், அவருடைய தொழில் பாடசாலைப் பரிசோதகர் (எங்கள் மூத்தவர்கள் வித்தியாதரிசி என்பார்கள்). தன் மேலதிகாரிகள் போட்ட சட்டத்தையே அவர் எதிர்த்து எழுதினார். வாசிக்கத் தெரியாத பிள்ளையை வாசிப்புப் பரீட்சையிலும், கணக்குத் தெரியாத பிள்ளையைக் கணக்குப் பரீட்சையிலும் சித்தியடைய வைக்கும் வித்தையைப் பாடசாலைகள் பழகிக் கொண்டு விட்டன என்பது 1867 அறிக்கையில் அவர் சொன்னதன் சாரம். அதை வாசித்த போது என் 78 புள்ளிதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த முறையை முழுதாகக் கைவிட இங்கிலாந்துக்கு 1890கள் வரை சென்றது.

இது எங்களுக்குச் சம்பந்தமில்லாத வெள்ளைக்காரன் கதை என்று நினைக்க வேண்டாம். மோர்கன் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1869இல் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. 1870களில் உதவி பெறும் பாடசாலைகளுக்கான மானியமும் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்தே கொடுக்கப்பட்டது. சித்திலெவ்வை 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கி, எங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்று எழுதிக் கொண்டிருந்த காலமும் இதுதான். அதாவது, பாடசாலை என்ற ஒன்று எங்கள் சமூகத்துக்குள் பரவத் தொடங்கிய போதே "பெறுபேறு" என்ற சொல்லும் கூடவே வந்து விட்டது. புலமைப்பரிசில் முடிவு வந்த மறுநாள் சந்தியில் தொங்கும் பதாகைகளைப் பார்க்கிற போது எனக்கு அந்த 2 சிலிங் 8 பென்ஸ்தான் ஞாபகம் வருகிறது. பதாகையில் படம் இல்லாத பிள்ளைகளுக்கு வாசிக்க வருமா என்று எந்தப் பதாகையும் சொல்வதில்லை.

இப்போது ஒரு நூற்றாண்டைத் தாண்டி அமெரிக்காவுக்கு வருவோம். ஏனென்றால் அதே செயல், ஒரு பிள்ளையைச் சத்தமாக வாசிக்க வைத்துக் கேட்பது, அங்கே முற்றிலும் வேறு காரணத்துக்காகத் திரும்பி வந்தது.

1975இல் அமெரிக்காவில், மாற்றுத்திறனுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம், தனி இலக்கு. சரி, இலக்கை நோக்கிப் பிள்ளை போகிறதா என்று ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? வருட இறுதிப் பரீட்சை வரும் போது வருடம் முடிந்து விட்டிருக்கும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோ என்பவரும் பிலிஸ் மேர்கினும் இந்தக் கேள்வியைப் பிடித்துக் கொண்டார்கள். 1977இல் ஆசிரியர்களுக்கான ஒரு கைந்நூலை வெளியிட்டார்கள். ஆசிரியர் தானே செய்யக் கூடிய, மலிவான, சில நிமிடங்களில் முடிகிற, ஒவ்வொரு கிழமையும் திருப்பிச் செய்தாலும் பழுதாகாத, பெற்றோருக்கும் விளங்குகிற ஓர் அளவு வேண்டும் என்பதுதான் அவர்கள் தேடியது.

பலதையும் சோதித்தார்கள். விடுபட்ட சொல்லை நிரப்புவது, சொல்லுக்குக் கருத்துச் சொல்வது, தனிச் சொற்களை வாசிப்பது, பந்தியைச் சத்தமாக வாசிப்பது. பெரிய பரீட்சைகளின் புள்ளிகளோடு ஒப்பிட்டு 1982இல் வெளியிட்ட முடிவு பலருக்கு ஆச்சரியம். ஒரு நிமிடத்தில் பிள்ளை பிழையில்லாமல் வாசிக்கிற சொற்களின் எண்ணிக்கை, விளங்கி வாசிப்பதைச் சோதிக்கிற நீளமான பரீட்சைகளோடு மிக நெருக்கமாக ஒத்துப் போனது.

செய்முறை இவ்வளவுதான். பிள்ளைக்கு முன்பு பார்க்காத, தரத்துக்கேற்ற பந்தி. ஆசிரியர் கையில் ஒரு பிரதி. ஒரு நிமிடம். விட்ட சொல்லும் மாற்றி வாசித்த சொல்லும் பிழை. 3 செக்கன் தடுமாறினால் ஆசிரியர் சொல்லிக் கொடுத்துப் பிழையாகக் குறிப்பார். பிள்ளை தானே திருத்திக் கொண்டால் சரி. கணக்கில் இன்னும் அழகான ஒன்று செய்தார்கள். விடை சரியா பிழையா என்று மட்டும் பார்க்காமல், சரியான இலக்கங்களை எண்ணினார்கள். 352 வர வேண்டிய இடத்தில் 342 எழுதிய பிள்ளைக்கு இரண்டு இலக்கம் சரி. நாங்கள் அந்தப் பிள்ளைக்குப் போடுவது பூச்சியம். பிள்ளை கொஞ்சம் முன்னேறினாலும் அந்தப் பூச்சியம் அசையாது.

எண்ணிக்கையை வரைபில் புள்ளியாகக் குறித்து, இலக்கு வரை ஒரு கோடு கீற வேண்டும். தொடர்ந்து நாலு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால் கற்பிக்கிற முறையை மாற்ற வேண்டும். கவனியுங்கள், பிள்ளைக்குத் தண்டனையோ பாடசாலைக்குக் காசு வெட்டோ அங்கே இல்லை. மாற வேண்டியது ஆசிரியர்.

இது வேலை செய்ததா? நியூயோர்க் நகரில் 39 விசேட கல்வி ஆசிரியர்களை இரு பிரிவாக்கி 18 வாரங்கள் பார்த்த ஆய்வு 1984இல் வந்தது. லின் ஃபுக்ஸ், டெனோ, மேர்கின் மூவரும் எழுதியது. இப்படி அளந்து கற்பித்தவர்களின் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். தாங்கள் எதை நோக்கிப் போகிறோம் என்பதும் அந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களை விட நன்றாகத் தெரிந்திருந்தது. 1986இல் லின் ஃபுக்ஸும் டக்ளஸ் ஃபுக்ஸும் 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். புள்ளிகளைக் குறித்து விட்டுத் தன் மனம் போல முடிவெடுத்த ஆசிரியர்களிடம் பலன் கொஞ்சம்தான். விதிப்படி முறையை மாற்றியவர்களிடம் பலன் ஏறத்தாழ இரு மடங்கு. அளப்பதால் மட்டும் பிள்ளை வளராது என்பதை இதை விடத் தெளிவாகச் சொன்ன ஆய்வு எதையும் நான் வாசிக்கவில்லை.

ஆனால் கதை இங்கே நல்லபடியாக முடியவில்லை. 2002இல் அமெரிக்காவில் புதிய கல்விச் சட்டம் வந்து, வாசிப்புத் திட்டங்களுக்குப் பெரும் பணம் ஒதுக்கப்பட்டது. பாடசாலைகள் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு நிமிட வாசிப்பு மேலிடத்துக்கு அனுப்புகிற எண்ணாக மாறியது. அதன் பிறகு வேகத்துக்கே பயிற்சி கொடுக்கிறார்கள், பிள்ளை விளங்காமல் ஓடுகிறது என்ற குற்றச்சாட்டுகள் வந்தன. ஆர்னோல்ட் உயிரோடு இருந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

ஆகவே நானும் ஒரு எச்சரிக்கையோடுதான் தொடங்கினேன். ஆங்கிலத்துக்குச் சொன்ன எண்ணிக்கைகள் தமிழுக்குப் பொருந்தாது. அவர்கள் நாலு சொல்லில் சொல்வதை நாம் "போய்க்கொண்டிருந்தார்களாம்" என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். அதனால் பிள்ளையை அந்தப் பிள்ளையோடு மட்டும்தான் ஒப்பிடுகிறேன். எண்ணிக்கை அதிபருக்கும் போகாது, சக பிள்ளைகளுக்கும் தெரியாது. 34 பேரையும் செய்ய நேரமில்லை, பின்தங்கிய ஏழு பேர் மட்டும், இடைவேளைக்கு முந்திய பத்து நிமிடம்.

அந்த மகனுக்கு முதல் நான்கு கிழமையும் 11, 12, 11, 12. நான் பெருமையாக நினைத்திருந்த என் கற்பித்தல் அவருக்கு எதுவுமே செய்யவில்லை என்று கொப்பி சொன்னது. கூர்ந்து பார்த்தேன். கொம்பும் காலும் சேர்ந்து வருகிற கொ, கோ, தொ, தோ போன்ற எழுத்துக்களில்தான் அவர் நிற்கிறார். இரண்டு கிழமை அவற்றை மட்டும் எடுத்துப் பழக்கினேன். 15 வந்தது, பிறகு 19, 22. நடுவில் ஒரு கிழமை 14க்கு விழுந்து மறுபடி ஏறியது.

இந்தத் தவணை அந்தத் தாய் வந்தார். வழமை போல, "எத்தனையாம் புள்ள டீச்சர்?" நான் கொப்பியைத் திறந்து வரைபைக் காட்டினேன். "இது என்ன, ஈசிஜி மாதிரி?" என்று சிரித்தார். விளக்கினேன். விரலை வைத்துப் புள்ளி புள்ளியாகப் பார்த்துக் கொண்டு போனவர், அந்த 14இல் நிறுத்தினார். திகதியைக் கேட்டார். சொன்னேன். "அந்தக் கிழமதான் டீச்சர் அவர்ட வாப்பா கட்டாருக்குப் போன" என்றார்.

தரம் 3க்கு ஏற்ற, பாடப்புத்தகத்தில் இல்லாத சிறு பந்திகள் 20 எழுதித் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். இரண்டாம், மூன்றாம் தரங்களுக்குக் கற்பிக்கிறவர்கள் கேட்டால் அனுப்புகிறேன். தரம் 4க்கு யாராவது எழுதி வைத்திருந்தால் எனக்கும் தாருங்கள், அடுத்த வருடம் இந்தப் பிள்ளைகளோடு நானும் மேலே போகிறேன்.