ஊக்கமருந்து

ஊக்கம், மருந்து இரண்டுமே திருக்குறளில் தனித்தனி அதிகாரம் பெற்ற நல்ல சொற்கள். சேர்ந்ததும் விளையாட்டுக் குற்றத்தின் பெயராகிவிட்டன. ஆங்கிலத்தின் ‘டோப்’ அப்படியல்ல. குழம்பைக் குறிக்கும் ‘டோப்’ (doop) என்ற டச்சுச் சொல்லில் பிறந்து, போதைப்பொருளுக்கும் பந்தயக் குதிரைக்குத் திருட்டுத்தனமாகக் கொடுத்த மருந்துக்கும் பெயரான இழிசொல் அது.

நம் சொல் பொருளிலும் முழுதாகப் பொருந்தவில்லை. நரம்பை முடுக்கும் ஆம்பெட்டமைன் வகைகளுக்குச் சரி. ஆனால் 2019 தோஹா ஆசியத் தடகளத்தில் 800 மீட்டர் தங்கம் வென்ற திருச்சி கோமதி மாரிமுத்துவின் மாதிரியில் தெரிந்தது நாண்ட்ரலோன். தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு. பதக்கம் போனது, 4 ஆண்டுத் தடை வந்தது. தடயத்தை மறைக்க உதவும் சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகூடத் தடைப்பட்டியலில் உண்டு. அதில் ஊக்கம் எங்கே? தன் ரத்தத்தையே எடுத்து வைத்து ஏற்றிக்கொள்வதும் குற்றம்தான், அது மருந்தே அல்ல. ரத்தம் ஏற்றுவதை அதுவும் தழுவாது என்றாலும், ‘தடைமருந்து’ இதைவிட நேர்மையான சொல்.

பெயர் எதுவானாலும், எதைத் தின்கிறோம் என்பதே முக்கியம். ஊத்துக்குளி வெண்ணெய் எவ்வளவு தின்றாலும் எந்தச் சோதனையும் பிடிக்காது. ஜிம்மில் விற்கும் பெயர் தெரியாத பவுடர் அப்படியல்ல. விளையாடும் பிள்ளைகளே, டப்பாவில் எழுதாததும் உள்ளே இருக்கலாம். விளையாட்டு மருத்துவரைக் கேட்காமல் வாயில் போடாதீர்கள்.