நன்னீர் மீன்தொட்டிச் செடிகள்

நன்னீர் மீன்தொட்டிச் செடிகள் என்பவை வீட்டுத் தொட்டிகளில் மீன்களோடு சேர்த்து வளர்க்கப்படும் உயிருள்ள நீர்த்தாவரங்கள். அழகுக்காகவே இவற்றை வைப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் தொட்டிக்குள் இவற்றின் முதல் வேலை துப்புரவு. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் உண்டாகும் அமோனியா மீனுக்கு நஞ்சு, செடிக்கு உணவு. செடிகள் அதை உறிஞ்சி வளர்வதால் பாசிக்குக் கிடைக்கும் பங்கும் குறைகிறது. பிளாஸ்டிக் செடியால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

செடிக்கும் மீனுக்கும் இடையிலான உறவைத் தொட்டி வைத்துச் சோதித்துப் பார்த்து 1850-இல் எழுதியவர் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். அவருடைய தொட்டியில் இரண்டு தங்கமீன்களும் வாலிஸ்நேரியா செடியும் இருந்தன. உதிர்ந்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியபோது குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்க்க, தண்ணீர் தெளிந்தது. செடி, மீன், நத்தை என்ற அந்தக் கூட்டணி இன்றைக்கும் பழுதில்லாத ஏற்பாடுதான்.

செடியைத் தேர்ந்தெடுக்கும்போது கடையில் எது பச்சைப்பசேலென்று இருக்கிறது என்று பார்ப்பதைவிட, வீட்டுத் தொட்டியில் என்ன வெளிச்சம், எப்படிப்பட்ட தண்ணீர், எந்த மீன் என்று பார்ப்பதே முக்கியம். செந்நிறத் தண்டுச் செடிகள் கண்ணைப் பறிக்கும். ஆனால் அவற்றில் பலவற்றுக்குக் கடும் வெளிச்சமும் கரியமில வாயுவும் குளிர்ந்த நீரும் வேண்டும். கோடையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும் ஊர்களில் அவை நலிந்துபோகும். தொடக்கக்காரர்கள் அவற்றை வாங்காமல் இருப்பதே நல்லது.

ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர் மட்டுமே கிடைக்கும் வீட்டுக்கு வாலிஸ்நேரியா பொருத்தமானது. நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனைப் பெறும் திறன் அதற்கு உண்டு. பள்ளிப் பாடத்தில் நீர்வழி மகரந்தச் சேர்க்கைக்கு எடுத்துக்காட்டாக வரும் செடியும் இதுதான். பெண் பூ நீண்ட காம்பில் நீர்மட்டத்துக்கு எழுந்து நிற்கும். அடியிலிருந்து பிரிந்து மேலே வரும் ஆண் பூக்கள் மிதந்து வந்து அதைத் தொடும். செடி நன்கு வேரூன்றிய தொட்டியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மங்கலான விளக்கு உள்ள தொட்டிக்குத் தென்கிழக்கு ஆசியாவின் ஜாவா ஃபெர்னும் ஆப்பிரிக்காவின் அனுபியாஸும் போதும். இரண்டுக்கும் இலை தடிப்பு என்பதால், மற்ற செடிகளை மேய்ந்துவிடும் தங்கமீன்கூட இவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடும். இவற்றின் கிடைத்தண்டை மணலில் புதைக்கக் கூடாது, புதைத்தால் அழுகும். நூலால் கல்லிலோ மரக்கட்டையிலோ கட்டிவிட்டால் வேர் தானே பற்றிக்கொள்ளும். ஜாவா ஃபெர்னின் முதிர்ந்த இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, அவற்றிலிருந்து மயிரிழை போன்ற வேர்கள் தொங்கும். நோய் என்று பயந்து கிள்ளி எறிய வேண்டாம். அவை அந்த இலையில் பிறக்கும் கன்றுகள்.

நடுத்தர வெளிச்சத்துக்கு என் முதல் பரிந்துரை கிரிப்டோகோரைன். இது சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகெங்கும் தொட்டிகளில் வளரும் வெண்டி, பெக்கெட்டி, வாக்கெரி, பார்வா ஆகிய இனங்களின் தாயகம் இலங்கை. அங்கே நிழலடைந்த ஓடைக்கரைகளில் மழைக்காலத்தில் மூழ்கியும் நீர் வற்றும்போது வெளியே தலைகாட்டியும் வாழ்கின்றன. உணவைப் பெரும்பாலும் வேர்வழியாக எடுப்பதால் 5 முதல் 7 செ.மீ. ஆழத்துக்கு மணலும், வேரடியில் உர வில்லையும் தேவை.

இடம் மாற்றி நட்ட சில நாட்களில் கிரிப்டோகோரைனின் இலைகள் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவி, கூழாகிக் கரைந்துவிடுவதுண்டு. செத்துவிட்டது என்று பலரும் பிடுங்கி எறிவது இந்தக் கட்டத்தில்தான். கரைந்த இலைகளை மட்டும் நீக்கிவிட்டு வேரைத் தொடாமல் விட்டால், சில வாரங்களில் புது இலை சுருள் விரிக்கும். மற்ற செடிகளிலும் இதுபோல் நடக்கும். பண்ணைகளில் பல செடிகளை நீருக்கு வெளியே ஈரக்காற்றில் வளர்த்து விற்கிறார்கள். அந்த இலைகள் நீருக்குள் நிலைக்காமல் உதிர, நீருக்கேற்ற புது இலைகள் வருகின்றன. ஆகவே செடியைக் கணிக்கப் பழைய இலையைப் பார்க்காமல் குருத்தைப் பார்க்க வேண்டும்.

புதுத் தொட்டிக்கு நாளுக்கு 6 மணி நேர வெளிச்சம் போதும். செடி தழைத்தபின் 8 மணி நேரமாக்கலாம். சன்னல் வெயில் நேரே விழுந்தால் பாசிதான் பெருகும். குருத்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. முதிர்ந்த இலைகள் மஞ்சளித்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும். மீன் நோய்க்குப் போடும் உப்பும் தாமிர மருந்தும் செடிகளைப் பாதிக்கும் என்பதால், நோயுற்ற மீனைத் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பதே சரி. இரவில் செடிகளும் உயிர்வளியை உட்கொள்கின்றன. செடியும் மீனும் நெருக்கமாக உள்ள தொட்டியில் அப்போது ஏர் பம்ப் ஓடட்டும்.

செழித்த செடியை அடிக்கடி கத்தரிக்க வேண்டிவரும். கத்தரித்த துண்டுகளை என்ன செய்கிறோம் என்பது தொட்டிக்கு வெளியேயும் விளைவை உண்டாக்கும். பள்ளியின் ஒளிச்சேர்க்கைச் சோதனையில் நாம் பார்த்த ஹைட்ரில்லா 1950-களின் தொடக்கத்தில் மீன்தொட்டிச் செடியாக இலங்கையிலிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனது. அங்கே வாய்க்கால்களுக்குள் புகுந்து, ஏரிகளையும் ஆறுகளையும் அடைக்கும் களையானது. ஒரு கணு உள்ள துண்டு போதும், அது மீண்டும் முளைத்துவிடும். கத்தரித்த செடிகளை வெயிலில் சருகாகக் காயவைத்துப் பூந்தொட்டி மண்ணில் புதையுங்கள். ஏரியிலோ குளத்திலோ வாய்க்காலிலோ ஒரு துண்டைக்கூடப் போடாதீர்கள்.