மயிற்பீலி சூடிய வேலும் நுனி முறிந்த வேலும்

புறநானூற்றின் 95ஆம் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் பெருமிதத்தோடு காட்டிய படைக்கலங்களைக் கண்டு பாடியது அது. தொண்டைமானின் கருவிகள் பீலி சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் பளபளக்கின்றன. அதியமானின் கருவிகளோ போரில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வது போலப் பழித்து, பழிப்பது போலப் புகழும் இப்பாடல் பாடாண் திணையில் வாண்மங்கலத் துறைக்கு உரியது என்று எழுதிப்போட்டு, அடுத்த பாடலுக்குப் போவது வழக்கம்.

சென்ற ஆண்டு அப்படிப் போக முடியவில்லை. 'ஐயா, இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால் நீங்கள் எதை எடுப்பீர்கள்?' என்று ஒரு மாணவர் கேட்டார். 'நுனி முறிந்ததைத்தான்' என்று உரையாசிரியர் தொனியில் சொல்லிவிட்டோம். அவர் விடவில்லை. 'அப்படியானால் அருங்காட்சியகத்தில் ஏன் பீலி சூடியது மட்டும் இருக்கிறது?' என்றார். வகுப்பு முடிந்த மணி அன்று நமக்குத் துணை நின்றது. ஆனால் அக்கேள்வி நம்மோடு வீடு வரை வந்தது. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் புறநானூற்றிலிருந்து தஞ்சாவூர் அரண்மனைக்குப் போக வேண்டும்.

அதற்கு முன் ஒரு சொல். இக்கேள்வி தமிழருக்கு மட்டும் உரியதன்று. ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கியைச் சேகரிப்போர் உலகெங்கும் உள்ளனர். ஒரு தோட்டாவும் சுடாத, வந்த பெட்டி குலையாத துப்பாக்கிக்கு அவர்கள் பெரும்பொருள் தருவார்கள். இடுப்பில் தொங்கி, மழையில் நனைந்து, பிடி தேய்ந்ததற்கு அந்த விலை இல்லை. சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கர் தம் சுழல் துப்பாக்கிக்கு 1836இல் காப்புரிமை பெற்றார். 1851இல் இலண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் அவருடைய துப்பாக்கிகள் வைக்கப்பட்டிருந்தன; அதே பளிங்கு மாளிகையில் இந்தியப் படைக்கலங்களும் காட்சிக்கு இருந்தன. பின்னர் கோல்ட், துருக்கி சுல்தானுக்கும் ருஷ்யச் சக்கரவர்த்திக்கும் பொன் இழைத்த துப்பாக்கிகளைப் பரிசளித்தார். அவை இன்று நியூயார்க்கிலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கின்றன. போர்க்களத்தில் உழைத்தவற்றில் எத்தனையோ மண்ணோடு மண்ணாயின. தொண்டைமானின் வேலுக்கு நீண்ட ஆயுள். அதியமானின் வேலுக்கு நல்ல பெயர் மட்டும்.

இனித் தஞ்சைக்கு வருவோம்.

தஞ்சை அரண்மனைக்குள் நுழைபவர் கண்ணில் முதலில் படுவது, கோயில் கோபுரம் போல எட்டு நிலைகளுடன் சுமார் 190 அடி உயர்ந்து நிற்கும் ஆயுத கோபுரம். 1855 வரை அது காவல் கோபுரமாகவும் படைக்கலக் கொட்டிலாகவும் பயன்பட்டது. நாயக்கர் காலத்தும் பின்வந்த மராட்டியர் காலத்தும் சேர்ந்த வாள், வேல், கட்டாரி, அங்குசம் முதலியன அரண்மனையின் படைக்கொட்டிலில் தலைமுறை தலைமுறையாகக் குவிந்திருந்தன.

ஆனால் அவை போர் கண்டு நாளாகியிருந்தது. 1799இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி இரண்டாம் சரபோஜி மன்னர் நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் அவரிடம் எஞ்சின. வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் ஓய்வூதியமும் கிடைத்தன. அன்று முதல் தஞ்சைப் படைக்கலங்கள் உலா வருவதற்கும் பூசை பெறுவதற்கும் உரியனவாயின. ஔவையாரின் கண்கொண்டு பார்த்தால், அதியமானின் கொட்டில் அன்றே தொண்டைமானின் மாளிகை ஆகிவிட்டது எனலாம்.

சரபோஜியின் மகன் இரண்டாம் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசின்றி இறந்தார். அரசு காலாவதியாயிற்று என்று கம்பெனி அறிவித்தது. 1856 அக்டோபர் 18ஆம் நாள் கம்பெனியின் ஆணையர் ஃபோர்ப்ஸ் படைவீரர் துணையோடு வந்து அரண்மனைச் சொத்துகளைக் கைப்பற்றினார். மூத்த அரசி காமாட்சிபாய் வழக்குத் தொடுத்தார். சென்னை உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 1859இல் இலண்டன் பிரிவி கவுன்சில், இது ஓர் அரசு தன் இறையாண்மையால் செய்த செயல், இதை விசாரிக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை என்று கூறி அத்தீர்ப்பை மாற்றியது. 1862இல் அரசு தானாகவே தனிச் சொத்துகளை அரசியர்க்குத் திருப்பித் தர ஆணையிட்டது. படைக்கலங்களின் விதி வேறாக இருந்தது.

சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த எம். ஜே. வால்ஹவுஸ் என்பவர் 1863இல் திருச்சிராப்பள்ளி ஆயுதக் கிடங்கின் தரையில் தஞ்சைப் படைக்கலங்கள் மலைமலையாகக் குவிந்து கிடந்ததைக் கண்டார். அவற்றில் சிறந்தவை என்றும் அரியவை என்றும் கருதப்பட்டவை பொறுக்கி எடுக்கப்பட்டுச் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்றன. மற்றவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. இதை அவர் 1878இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் எழுதி வைத்தார். அவர் எழுதியிராவிட்டால் அக்குவியலின் நினைவும் உருகிப் போயிருக்கும்.

இங்கே நம் மாணவரின் கேள்விக்கு விடை கிடைக்கிறது. அருங்காட்சியகத்தில் பீலி சூடியது இருக்கிறது. ஏனெனில் நுனி முறிந்தது 1863இல் எடைக்குப் போயிற்று.

பொறுக்கி எடுக்கப்பட்டவை எப்படிப்பட்டவை என்று சென்னை எழும்பூரில் போய்ப் பார்க்கலாம். கையை மூடும் கவசத்தில் பூவேலையும் யாளியும் குடைந்த கட்டாரிகள், எஃகைச் செதுக்கிச் சிற்பமாக்கிய அங்குசங்கள் எனக் கண்ணைப் பறிக்கும் பொருள்கள் அவை. தஞ்சைக் கொல்லர்களின் திறத்தை அவற்றைப் பார்த்தே அறிகிறோம். அதை மறுப்பது நன்றி கொன்ற செயல். எனினும் ஒரு சிறு கணக்கு நம்மை உறுத்துகிறது. தஞ்சைப் படைக்கொட்டிலிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த வளரிகள் மூன்று. அவற்றுள் இரண்டு யானைத் தந்தத்தால் ஆனவை, ஒன்று மரத்தால் ஆனது. இச்செய்தியைத் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909இல் வெளிவந்த தம் நூலில் எட்கர் தர்ஸ்டன் தருகிறார்.

வளரி என்பது வளைதடி. தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளில் கள்ளரும் மறவரும் முயல் வேட்டைக்கும் போருக்கும் எறிந்த கருவி. வேட்டைக்குப் போகிறவன் தந்த வளரியை எறிய மாட்டான். கல்லில் பட்டால் உடையும், புதரில் விழுந்தால் தேட வேண்டும். அவன் எறிந்தது வீட்டுக் கூரையில் செருகி வைத்திருந்த மரத்தடி. நாட்டில் ஆயிரம் மரத்தடிக்கு ஒரு தந்தத் தடி இருந்திருந்தாலே அதிகம். அருங்காட்சியகத்திலோ ஒரு மரத்தடிக்கு இரண்டு தந்தத் தடிகள். இந்த விகிதத்தை மட்டும் பார்த்து வரலாறு எழுதும் ஒருவன், தமிழ்நாட்டு வேட்டுவர் தந்தத்தால் முயல் அடித்தனர் என்று எழுதினால் அவனைக் குறை சொல்ல முடியுமா?

இதைக் கொண்டு 1863இல் பொறுக்கியவர்களைத் தூற்றுவது எளிது. ஆனால் நீதி அதுவன்று. இடம் குறைவு, பொருள் அதிகம் என்றால் எவரும் சிறந்ததைத்தான் எடுப்பர். நம் வீட்டுப் பரணிலிருந்து நாம் எடுத்து வைத்தது பாட்டியின் வெள்ளிக் குங்குமச் சிமிழ். எடைக்குப் போட்டது அவர் ஐம்பது ஆண்டு சோறு வடித்த வெண்கலப் பானை. யாரும் நம்மை வற்புறுத்தவில்லை. அன்று பொறுக்காமல் விட்டிருந்தால் எழும்பூரில் இருப்பவையும் உலைக்குப் போயிருக்கும். மேலும், பொறுக்கியவற்றுள்ளும் உழைப்பின் தடம் முழுவதும் அழிந்துவிடவில்லை. தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் பூட்டியிருப்பது ஐரோப்பிய வாளின் அலகு. கடல் கடந்து வந்த வாளைக் கொல்லன் குறைத்து, புதுப் பிடியில் பொருத்தியிருக்கிறான். அழகான பிடிக்குள் ஒரு பழைய வாளின் வேலை ஒளிந்திருக்கிறது.

ஆயினும் அக்காலத்துச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது வேறோர் உண்மை புலப்படுகிறது. பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் தென்சீமை மக்கள் படைக்கலம் வைத்திருப்பதைத் தடைசெய்து பிரகடனம் வெளியிட்டார். பின்னர் லிட்டன் பிரபு காலத்தில் இந்தியா முழுமைக்குமான ஆயுதச் சட்டம் வந்தது. அது வந்த ஆண்டும் 1878. வால்ஹவுஸ் கட்டுரை வெளியான அதே ஆண்டு! கையில் இருந்த மரத்தடியும் வேலும் குற்றப்பொருள் ஆயின. கண்ணாடிக்குள் இருந்த தந்தத் தடியும் கட்டாரியும் கலைப்பொருள் ஆயின. பயன்படுவதை அஞ்சிய ஓர் ஆட்சி, பயன்படாததை மெச்சியதில் வியப்பில்லை.

இதே அரண்மனையில் இதற்கு மாறான ஒன்றும் நிகழ்ந்தது. சரஸ்வதி மகால் நூலகத்தின் ஏடுகள் இரும்பைப் போலப் பொறுக்கப்படவில்லை. அங்குள்ள வடமொழிச் சுவடிகளுக்கு ஏ. சி. பர்னல் தொகுத்த பட்டியல் 1880இல் வெளிவந்தது. 1918இல் நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. பொன்வண்ண ஓவியச் சுவடியும் அங்கே இருக்கிறது. கறையான் தின்ற ஏடும் அங்கேயே இருக்கிறது. மராட்டியர் காலத்து மோடி ஆவணங்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டது. அரண்மனைச் செலவு, சத்திரத்துக் கணக்கு, யாருக்கு என்ன கூலி, எதற்கு என்ன விலை என்பனவெல்லாம் அவற்றில் வருகின்றன. அவற்றில் ஒன்றும் அழகிய கையெழுத்து என்பதற்காகக் காக்கப்பட்டதன்று. ஆனால் தஞ்சையின் அன்றாட வாழ்வை இன்று நாம் ஓரளவேனும் அறிவது அந்தச் சாதாரணத் தாள்களால்தான். தாளில் தப்பிய அன்றாடம் இரும்பில் தப்பவில்லை.

இரும்பிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. தஞ்சைக் கோட்டையின் கிழக்கு மதிலில், பீரங்கி மேட்டில், இரகுநாத நாயக்கர் காலத்துப் பீரங்கி இன்றும் கிடக்கிறது. சுமார் 25 அடி நீளம், ஏறத்தாழ 22 டன் எடை. உருக்கி வார்த்ததன்று, இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்து ஒன்றாக்கியது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் குழுவினர் இதன் உலோக நுட்பத்தை ஆய்ந்து எழுதியுள்ளனர். பூவேலைக்காக யாரும் இதைப் பொறுக்கி எடுக்கவில்லை. எடைக்குப் போடவும் தூக்கிச் செல்லவில்லை. இருந்த இடத்திலேயே வெயிலும் மழையும் பட்டுக் கிடக்கிறது. சிறுவர்கள் ஏறி விளையாடுகிறார்கள். கண்ணாடிக்குள் போகாத தஞ்சைப் படைக்கலம் ஒன்றைத் தொட்டுப் பார்க்க விரும்புவோர் அங்கே போகலாம்.

மீண்டும் நம் பாடலுக்கு வருவோம். புறநானூறு 1894இல் உ. வே. சாமிநாதையரால் அச்சேறியது. அவர் உத்தமதானபுரத்துக்காரர், அப்போது கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். அவர் பிறந்த ஆண்டு 1855. தஞ்சை அரசு முடிந்த அதே ஆண்டு, அதே காவிரிக் கரை. திருச்சியில் குவியல் உடைக்கப்பட்டபோது அவருக்கு வயது எட்டு. சிதைந்த ஏட்டை ஒதுக்கிவிட்டு முழு ஏட்டை மட்டும் எடுப்பேன் என்று அவர் இருந்திருந்தால் புறநானூறே நமக்கு வந்திராது. அடி சிதைந்த பாடல்களையும் சிதைந்தபடியே பதிப்பித்தார். நுனி முறிந்ததையும் அவர் எடைக்குப் போடவில்லை.

ஔவையாரின் பாட்டில் கொல்லன் பட்டறை என்பது முடிவிடம் அன்று என்பதை அண்மையில்தான் கவனித்தோம். அங்கே போன வேல் கூர் தீட்டப்பெற்று மீண்டும் களத்துக்கு வரும். 1863இல் உலைக்குப் போன வேல் திரும்பி வரவில்லை. பாட்டுக்கும் தஞ்சைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

நம் வேளாண் குடிகளிடம் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. அறுவடையில் நல்ல மணியைப் பொறுக்கி விதைநெல்லாக எடுத்து வைப்பார்கள். அடுத்த பட்டத்தில் அது வயலுக்கே போகும். ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் பெறுவது புது அரிவாள் அன்று, பிடி தேய்ந்து கை பழகிய அரிவாள்தான். மறுநாள் அது வேலைக்குப் போய்விடும். எடுத்து வைப்பதும் மதிப்பதும் வேலையிலிருந்து விலக்கிவிடுவதற்கு அன்று என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த ஆண்டும் அப்பாடலை நடத்துவோம். அந்த மாணவர் படிப்பு முடித்துப் போய்விட்டார். வேறொருவர் கேட்டால் இனி நாம் சொல்லும் விடை இது: இரண்டையும் எடுத்துக்கொள், ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், எதை விட்டுவந்தாய் என்பதையாவது எழுதி வை. வால்ஹவுஸ் செய்தது அவ்வளவுதான். நூற்றைம்பது ஆண்டு கடந்தும் அக்குவியல் நம் கண்முன் நிற்கிறது.