பேஸ்பால் மறந்த டாக்டர்

பேஸ்பாலைக் கண்டுபிடித்தவர் யார்? அமெரிக்கர்கள் நீண்ட காலம் சொல்லி வந்த பதில், ஆப்னர் டபிள்டே என்ற ராணுவத் தளபதி. 1839இல் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் அவர்தான் இதை உருவாக்கினார் என்று 1907இல் ஒரு குழு முடிவு சொன்னது. ஆனால் அந்த ஆண்டு அவர் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். அது வெறும் கட்டுக்கதை என்று வரலாற்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

அடுத்த பெயர் அலெக்சாண்டர் கார்ட்ரைட். 1938இல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குத் தேர்வானவர். பேஸ்களுக்கு இடையே 90 அடி, ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ், அணிக்கு 9 பேர் என்று வகுத்தவர் அவரே என அங்குள்ள அவரது பட்டயம் சொல்கிறது. இங்கேதான் இடிக்கிறது. கார்ட்ரைட் 1849லேயே நியூயார்க்கை விட்டுப் போய்விட்டார். இந்த மூன்றும் விதியானதோ 1857இல்!

1857இல் நியூயார்க்கில் பல கிளப்புகள் கூடிய மாநாட்டில்தான் இவை முடிவாயின. அதற்குத் தலைமை தாங்கியவர் டேனியல் லூசியஸ் ஆடம்ஸ். நண்பர்கள் அழைத்தது 'டாக்' ஆடம்ஸ்.

1814இல் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவர். யேலில் பட்டம், ஹார்வர்டில் மருத்துவம் முடித்து நியூயார்க்கில் டாக்டராக இருந்தார். 1845இல் நிக்கர்பாக்கர் கிளப்பில் சேர்ந்து, பிறகு அதன் தலைவரானார்.

அப்போது பந்து செய்து தர நகரில் ஆள் கிடைக்கவில்லை. ஆடம்ஸே ரப்பர் துண்டுகளை நூலால் சுற்றிப் பந்து செய்தார். குதிரைத் தோலால் உறை போடும் முறையை, சேணம் தைக்கும் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் அவருக்குக் காட்டிக்கொடுத்தார். மற்ற கிளப்புகளுக்கும் அவர் பந்து செய்து கொடுத்தார்.

அந்தப் பந்து லேசானது. தூரத்தில் நிற்பவர் எறிந்தால் நடுமைதானம் வரை வராது. அதனால் இடையில் நின்று பந்தை வாங்கி எறிய ஒரு ஆள் தேவைப்பட்டது. இன்று ஷார்ட்ஸ்டாப் எனப்படும் அந்த இடத்தில் முதலில் ஆடியவர் ஆடம்ஸ் என்றே கருதப்படுகிறது.

முன்பு பேஸ்களின் தூரம் காலடிக் கணக்கில்தான் இருந்தது. முதலில் 21 ஓட்டம் எடுத்த அணி ஜெயித்தது. மாநாடு 9 இன்னிங்ஸ் என்று மாற்றியது. 90 அடியை நிர்ணயித்தவர் ஆடம்ஸ். ஒருமுறை தரையில் குத்தி எழும் பந்தைப் பிடித்தாலும் 'அவுட்' என்ற விதியை எடுக்கவும் அவர் வருடக்கணக்கில் போராடினார். அது நிறைவேறியது 1864இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அவர் கிளப்பை விட்டு விலகியிருந்தார்.

பிறகு கனெக்டிகட்டில் குடியேறி, சட்டமன்ற உறுப்பினராகவும் வங்கித் தலைவராகவும் இருந்து 1899இல் இறந்தார். பேஸ்பாலின் தோற்றத்தை ஆராயும் அந்தக் குழு அமைந்தது 1905இல். அவர் பக்கத்தைச் சொல்ல அவர் உயிரோடு இல்லை.

2015இல் புகழ் மண்டபத் தேர்வில் அவர் பெயர் வந்தது. 16 பேரில் 12 பேர் ஆதரவு வேண்டும், கிடைத்தது 10. அடுத்த ஆண்டே அந்த 1857 விதிகளின் கையெழுத்துப் பிரதிகள் 32 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயின. காகிதத்துக்கு விலை கிடைத்தது, எழுதியவருக்கு இரண்டு ஓட்டு கிடைக்கவில்லை!

பேஸ்பாலை ஒரே ஆள் கண்டுபிடிக்கவில்லை. பலர் ஆடி, கூடிப் பேசி வளர்த்த ஆட்டம் அது. ஆனால் அந்தப் பலரில் முன்வரிசையில் நிற்க வேண்டியவர் இந்த டாக்டர். புதிதாக ஒன்றும் தர வேண்டாம். வேறொருவர் பட்டயத்தில் இருப்பதை உரியவர் பெயரில் எழுதினால் போதும் என்பதே என் கருத்து.