அந்நியர் தங்கிய சத்திரம்: ஆங்கில இறந்தகால விகுதியின் கதை

பள்ளி ஆங்கில இலக்கண நூல்களின் பின்னிணைப்பில் ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். 'சிங், சாங், சங்', 'டிரிங்க், டிராங்க், டிரங்க்' என மூன்று பத்திகளாக அச்சிட்டு, மாணவர் மனப்பாடம் செய்வதற்கென்றே ஒதுக்கப்பட்ட பட்டியல் அது. அதன் தலைப்பு 'ஒழுங்கற்ற வினைகள்'. 'வாக்' என்பது 'வாக்ட்' ஆவதும் 'லவ்' என்பது 'லவ்ட்' ஆவதும் விதி, 'சாங்' விதிவிலக்கு. நூற்றாண்டுகளாகப் பாடநூல்கள் சொல்லிவரும் இந்தப் பாகுபாடு, இன்றைய ஆங்கிலத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சரியே. வரலாற்றை வைத்துப் பார்த்தால் தலைகீழ். பின்னிணைப்பில் அடைபட்டிருக்கும் 'சாங்'கும் 'டிராங்க்'கும்தான் அம்மொழியின் பழங்குடிகள். 'எட்' விகுதி பின்னால் வந்து குடியேறியது.

இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தில் வேரின் உயிரொலியை மாற்றிப் பொருளை மாற்றும் வழக்கம் மிகத் தொன்மையானது. சமஸ்கிருதத்தில் 'பந்த்' என்னும் வேர் 'பபந்த' ஆவதும், ஆங்கிலத்தில் 'பைன்ட்' என்பது 'பவுன்ட்' ஆவதும் ஒரே மூதாதை வினைமுறையிலிருந்து பிரிந்த இரு கிளைகள். பழைய ஆங்கிலத்தில் இவ்வகை வினைகள் ஏறத்தாழ 300 இருந்தன. அவை ஏழு வகுப்புகளாக, ஒவ்வொன்றும் தனக்குரிய உயிர்மாற்ற வரிசையோடு, நேர்த்தியாக அமைந்திருந்தன. அவற்றில் ஒழுங்கின்மை என்று சுட்டத்தக்கது சிறிதே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மொழிகளின் இலக்கணத்தை எழுதிய யாக்கோப் கிரிம் இவற்றை 'வலிய வினைகள்' என்றார். வெளியிலிருந்து எதையும் ஒட்டிக்கொள்ளாமல், தம் உள்வலிமையாலேயே இறந்தகாலத்தை உணர்த்துவதால் அந்தப் பெயர். விகுதியின் துணையின்றி இறந்தகாலம் காட்ட இயலாத மற்றவை அவருக்கு 'மெலிய வினைகள்'. இன்று 'ஒழுங்கானவை' என்று பாராட்டப்படுபவை இந்த மெலியவைதாம்.

மெலிய வினைகள் ஏன் தோன்றின? பெயர்ச்சொல்லிலிருந்தும் பிற வினைகளிலிருந்தும் புதிதாக ஆக்கப்பட்ட வினைகளுக்கு உயிர்மாற்ற முறை பொருந்தவில்லை. அவற்றுக்கு இறந்தகாலம் வேண்டியிருந்தது. ஜெர்மானியக் கிளை தனக்கென ஒரு பல்லொலி விகுதியை உருவாக்கிக்கொண்டது. அதன் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று பொன்னில் பொறிக்கப்பட்டிருந்தது. டென்மார்க்கின் காலெஹூஸ் என்னும் சிற்றூரில் 1639இலும் 1734இலும் இரண்டு தங்கக் கொம்புகள் கிடைத்தன. இரண்டாவதாகக் கிடைத்த கொம்பின் விளிம்பில், கி.பி. 400ஐ ஒட்டிய காலத்து ரூனிக் எழுத்துகளில், அதைச் செய்தவன் தன் பெயரைச் சொல்லி, இக்கொம்பைச் செய்தேன் என்று பொறித்திருந்தான். 'செய்தேன்' என்பதற்கு அவன் எழுதிய சொல் 'டவிடோ'. அதிலுள்ள 'ட்' ஒலியே பிற்கால 'எட்'டின் மூதாதை. 1802இல் ஒரு பொற்கொல்லன் இரு கொம்புகளையும் கோபன்ஹேகனில் திருடி உருக்கிவிட்டான். முன்பே வரைந்து வைக்கப்பட்டிருந்த படங்களால் வாசகம் மட்டும் தப்பியது.

இந்தப் பல்லொலி எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் இணக்கமில்லை. பலர் ஏற்கும் கருத்து, அது 'செய்' என்னும் பொருளுடைய 'டூ' வினையின் இறந்தகால வடிவம் தேய்ந்து ஒட்டிக்கொண்டது என்பது. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா கோதிக் மொழியில் பெயர்த்த விவிலியத்தில் 'காப்பாற்றினேன்' என்பது 'நசிதா', 'காப்பாற்றினோம்' என்பது 'நசிதேதும்'. பன்மையில் வரும் அந்த 'தேதும்' என்னும் நீட்சி, ஒரு முழு வினைச்சொல்லின் எச்சம் போலவே தோன்றுகிறது. தமிழ் வாசகருக்கு இது விளங்கச் சிரமமிராது. 'போன்' என்ற அயற்சொல்லோடு தமிழ் நேராகக் கால இடைநிலையைச் சேர்ப்பதில்லை. 'போன் பண்ணினான்' என்று துணைவினையின் தோளில் காலத்தை ஏற்றிவிடுகிறது. ஜெர்மானியப் பழமொழியினரும் அப்படியொன்றைச் செய்து, பிறகு அந்தத் துணைவினையைத் தேய்த்து விகுதியாக்கியிருக்கலாம். ஆனால் 'தாட்', 'பிராட்' போன்றவற்றின் வல்லொலியை இக்கொள்கை எளிதில் விளக்குவதில்லை. ஆகவே சமஸ்கிருதத்தின் 'க்ருத', 'கத' ஆகியவற்றில் காணும் 'த' விகுதியோடு அதை உறவுபடுத்துவோரும் உளர். இரண்டும் கலந்தே இவ்விகுதி உருவாயிற்று என்பது மூன்றாம் தரப்பு.

பழைய ஆங்கிலத்திலேயே மெலிய வினைகள் எண்ணிக்கையில் மிகுந்துவிட்டன. எனினும் பெருவெள்ளம் 1066க்குப் பிறகு வந்தது. நார்மானியர் ஆட்சியைத் தொடர்ந்து பிரெஞ்சு வினைச்சொற்கள் நூற்றுக்கணக்கில் நுழைந்தன. ஏழு வகுப்பு உயிர்மாற்றம் அவற்றுக்கு அந்நியம்; ஏறத்தாழ எல்லாமே 'எட்' விகுதியின் கீழ் ஒதுங்கின. நாடகாசிரியர் பென் ஜான்சன் மறைந்த பின் 1640இல் வெளிவந்த அவரது ஆங்கில இலக்கணம் இதை அழகாகக் காண்கிறது. 'எட்' ஏற்கும் வினைகளை அவர் முதல் வகை என வைக்கிறார். அது அயலிலிருந்து வரும் எவரும் தங்கிச் செல்லும் பொதுச் சத்திரம் என்பதும், மற்ற வகைகள் மண்ணில் பிறந்த சொற்களை மட்டுமே சேர்த்துக்கொள்வன என்பதும் அவர் கருத்து. (பிரெஞ்சிலிருந்து வந்தும் 'ஸ்ட்ரோவ்' என்று உள்ளூர்க்காரனைப் போல் நடந்துகொண்ட 'ஸ்ட்ரைவ்' அவர் கூற்றுக்கு ஓர் அரிய விலக்கு.) ஜான்சனின் பார்வையில் சத்திரம் வேறு, வீடு வேறு, ஆனால் இரண்டுமே முறைப்படி அமைந்த வினைவகைகள்.

அடுத்த தலைமுறைகளில் இந்தப் பார்வை மாறியது. 1762இல் ராபர்ட் லோத் எழுதிய சிற்றிலக்கணம் 'எட்' சேர்ப்பதையே விதியாக வைத்து, அதிலிருந்து வேறுபடுபவற்றை ஒழுங்கற்றவை என்று தனி இயலில் அடைக்கிறது. இத்தகைய பகுப்பு அவருக்கு முன்பும் உண்டு. ஆனால் லோத்தும், அவரைப் பின்பற்றி 1795இல் எழுதிய லிண்ட்லி மரேயும்தான் அதைப் பள்ளிக்கூடத்தின் பொதுமொழியாக்கினர். விருந்தினருக்கெனக் கட்டிய சத்திரம் வீடானது. வீட்டுக்காரர் பின்னிணைப்புக்குப் போனார்.

அந்தப் பின்னிணைப்பின் உள்ளடக்கம் ஒரே குலத்தைச் சேர்ந்ததுமில்லை. 'கெப்ட்', 'மெட்', 'சென்ட்', 'பிராட்', 'தாட்' ஆகியவை பல்லொலி விகுதி பெற்ற மெலிய வினைகள். ஒலிச்சுருக்கத்தால் வடிவம் சிதைந்ததே அவற்றின் குற்றம். 'செட்' என்பதில் விகுதி வேரின் இறுதியோடு கரைந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேல் விசித்திரமாகத் தோன்றும் 'வென்ட்'கூட, 'வென்ட்' என்னும் வேறொரு வினையின் முறையான மெலிய இறந்தகாலம். பழைய 'எயோடே' வழக்கொழிந்தபோது 'கோ' அதை இரவல் வாங்கிக்கொண்டது. இவற்றையும் 'சாங்'கையும் ஒரே தலைப்பில் வைத்து அகரவரிசைப்படுத்தும்போது, மாணவர் கண்டுகொள்ளக்கூடிய உறவுகள் அனைத்தும் மறைந்துபோகின்றன. இலக்கண நூல்களின் சோம்பல் என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் சொல்வது கடினம்.

எழுத்துக்கும் ஒலிக்கும் இடையிலான பிணக்கு இன்னொரு தனிக்கதை. சாசர் வாழ்ந்த 14ஆம் நூற்றாண்டில் 'எட்' ஒரு முழு அசை. பின்னர் அதன் உயிர் மெல்ல மறைந்தது. எஞ்சிய மெய் தன் முன்னோடியின் இயல்பை ஏற்றது: 'வாக்' போன்ற ஒலிப்பிலா மெய்க்குப் பின் 'பட்டம்' என்னும் சொல்லில் வரும் வல்லொலி, 'லவ்' போன்ற ஒலிப்புடைய மெய்க்குப் பின் 'பாடம்' என்பதில் வரும் மெல்லிய ஒலி. வேரே பல்லொலியில் முடிந்தால் மட்டும், இரண்டும் ஒட்டிக் கலந்துவிடாதபடி, உயிர் பிழைத்தது: 'வான்டெட்', 'நீடெட்'. இம்மாற்றம் அமைதியாக நடக்கவில்லை. 1711இல் ஜோசப் அடிசன் 'ஸ்பெக்டேட்டர்' இதழில், இந்த அசையை விழுங்குவதால் மொழியின் இனிய சொற்களில் பத்தில் ஒரு பங்கு மெய்யெழுத்துக் குவியலாகிவிட்டதெனக் குறைப்பட்டார். மறு ஆண்டு ஜோனதன் ஸ்விஃப்ட், மொழியைத் திருத்தி நிலைப்படுத்த ஓர் அமைப்பு வேண்டுமென அமைச்சர் ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவுக்கு எழுதிய முன்மொழிவில், செய்யுளின் வசதிக்காக இந்த உயிரை வெட்டும் கவிஞர்களைக் கடுமையாகச் சாடினார். வழக்கு அவர்களுக்குச் செவிசாய்க்கவில்லை. அச்சகங்கள் மட்டும் பாதி வழி வந்தன. காற்புள்ளியிட்டுச் சுருக்கி எழுதும் முறை மறைந்து, ஒலிக்கப்படாத உயிர் எழுத்தில் திரும்ப வந்து அமர்ந்தது. 'பிளெஸ்ஸெட்', 'லேர்னெட்', 'ஏஜெட்' எனப் பெயரடையாக நிற்கும் சில சொற்களில் மட்டும் அது இன்றும் ஒலிக்கிறது.

இந்திய வகுப்பறைகளில் 'வாக்கெட்' என்று படித்துவிட்டுச் சிரிப்புக்கு ஆளாகும் மாணவன் எழுத்தைப் பார்த்துப் படிக்கிறான், அவ்வளவுதான். ஆயினும் அவன் ஒலித்த அந்த அசை, ஸ்விஃப்டும் அடிசனும் நாகரிக ஆங்கிலத்தின் அடையாளமென்று காக்கப் போராடிய அசை. 'டிக்டு', 'கேட்ச்டு' என்று எழுதிக் கழித்தல் குறி வாங்குபவனும் தனியன் அல்லன். முன்னது 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தின் வடிவம். 'டக்' பிறகு வந்தது. பின்னது 18ஆம் நூற்றாண்டு வரை எழுத்தாளர் கையாண்ட வடிவம். அதே விவிலியத்தில் 'ஹெல்ப்' வினையின் பழைய வடிவமான 'ஹோல்பன்' இருக்கிறது. இன்று அதை எழுதினால் அதுவும் பிழை. போக்குவரத்து எப்போதும் ஒருவழியாக இருந்ததில்லை. மெலியதாகப் பிறந்த 'வேர்' என்னும் அணிதல்வினை, 'பேர் – போர்' என்னும் சுமத்தல்வினையைப் பார்த்து 'வோர்' என்று வலியதாயிற்று.

பழைய முறை முற்றிலும் செத்துவிடவில்லை என்பதை 1958இல் ஜீன் பெர்கோ வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம் அவர் இல்லாத வினைகளைக் கற்பித்துக் கொடுத்து, நேற்று அவன் என்ன செய்தான் என்று கேட்டார். 'ரிக்' தயக்கமின்றி 'ரிக்ட்' ஆயிற்று. 'மெல்ட்டெட்' என்று சரியாகச் சொன்ன குழந்தைகளில் பலர் 'மொட்' என்ற புதுச்சொல்லில் தடுமாறினர். 'கிளிங்' என்பதற்குக் குழந்தைகள் 'கிளிங்ட்' என்றனர். பெரியவர்களோ 'கிளாங்', 'கிளங்' என்றும் சொன்னார்கள். 'சிங் – சாங்' முறை அவர்கள் நாவில் இன்னும் புதுச்சொல் பிறப்பிக்கும் திறனோடு இருக்கிறது.

2007இல் எரெஸ் லீபர்மனும் அவர் குழுவினரும் 'நேச்சர்' இதழில் இந்த இடப்பெயர்வை எண்ணிக்கையாக்கினர். பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்துக்கொண்டால், இடைக்கால ஆங்கிலத்தில் 145 அப்படியே இருந்தன. இன்று எஞ்சியவை 98. ஒரு வினை மற்றொன்றைவிட 100 மடங்கு அரிதாகப் புழங்கினால், 10 மடங்கு வேகமாக 'எட்'டிடம் சரணடைகிறது. அன்றாடம் நாவில் உருள்பவை தப்புகின்றன. ஆங்கிலத்தின் மிகுபுழக்க வினைகள் பத்தும் இன்றளவும் ஒழுங்கற்றவையே.

அடுத்து வீழும் வினை எது என்றும் அக்குழு ஊகித்தது. மணத்தலைக் குறிக்கும் 'வெட்'. இறந்தகாலத்திலும் மாறாமல் நிற்கும் அது இனி 'வெட்டெட்' ஆகும் என்றார்கள். பழைய ஆங்கிலத்தில் அவ்வினையின் இறந்தகாலம் 'வெட்டொடே'. அது முதலிலிருந்தே சத்திரத்தில் பிறந்த பிள்ளை.