மூன்று வியாழக்கிழமைகள்: மதுரை சுல்தானின் ஒரே மகன்

சுருளிப்பட்டிக்கு மேலே மலையடிவாரத்தில் விழும் சுருளி அருவியின் நீர், முல்லையாற்றோடு கலந்து வைகையை அடைந்து மதுரைக்குச் செல்கிறது. பெரியாற்று அணையின் நீர் 1895இல் கம்பம் பள்ளத்தாக்கிற்குத் திருப்பப்பட்டது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் வைகைக்கு உயிர் கொடுத்தவை வருசநாட்டு மலைநீரும், இந்தச் சுருளி நீரும், இவை போன்ற சிற்றாறுகளும்தாம். அருவிக்கு அருகே அபூபக்கர் மஸ்தான் தர்காவிற்கு வருவோர் இந்நீரில் நீராடிச் செல்வது வழக்கம். இதே நீர் சென்று சேரும் ஆற்றங்கரையில், ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன், ஓர் இளவரசனின் ஜனாஸா கூடாரத்திலிருந்து எழுந்தது. அவன் மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தமகானியின் ஒரே மகன். அவன் பெயரை வரலாறு நமக்குத் தரவில்லை. அவன் மரணத்தை மட்டும் தந்திருக்கிறது.

அதைத் தந்தவர் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. மாலத்தீவிலிருந்து புறப்பட்டு, இலங்கையில் பாவா ஆதம் மலையை ஏறிக் கண்டு, மஅபர் கரையருகே கப்பல் உடைந்து, உடைமைகளோடு உயிரையும் இழக்கவிருந்த நிலையில் தமிழகக் கரையை அடைந்தவர் அவர். கரையேறியதும் சுல்தானுக்குத் தகவல் அனுப்பத் தயங்கவில்லை. காரணம் உறவு. மதுரையில் தனியரசு நிறுவிய ஷரீப் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகளைத் தில்லியில் அவர் மணந்திருந்தார். அவளுடைய சகோதரியை மணந்தவர் கியாஸுத்தீன். ஆகவே மதுரை சுல்தான் நம் பயணிக்குச் சகலை. பயணக் குறிப்பின் இப்பகுதியில் ஓர் அந்நியனின் வியப்பு குறைவாகவும், ஒரு வீட்டு மனிதனின் கவலை மிகுதியாகவும் தென்படுவதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

அந்த அரசின் கதை சுருக்கமானது. முஹம்மது பின் துக்ளக்கின் ஆளுநராயிருந்த அஹ்ஸன் ஷா ஹிஜ்ரி 735ஐ ஒட்டி (கி.பி. 1334–35) தன் பெயரில் நாணயம் அடித்தார். அவருக்குப் பின் வந்த அலாவுத்தீன் உதௌஜி ஓராண்டும் நிறைவாக ஆளவில்லை. போரில் வென்ற பின் தண்ணீர் அருந்தத் தலைக்கவசத்தைக் கழற்றிய வேளையில், எங்கிருந்தோ வந்த அம்பு அவர் உயிரைக் கொண்டு போயிற்று. அவருடைய மருமகன் குத்புத்தீன் நாற்பதே நாட்களில் கொல்லப்பட்டார். ஒரு காலத்தில் சாதாரணக் குதிரை வீரராயிருந்த கியாஸுத்தீன் அதன் பிறகே அரியணை ஏறினார். அவருடைய நாணயம் ஹிஜ்ரி 741இல் (கி.பி. 1340–41) தொடங்குகிறது. பத்தாண்டுக்குள் நான்காவது சுல்தான்! இத்தகைய அரண்மனையில் வாரிசாக ஒரு மகன் இருப்பது தந்தையின் மகிழ்ச்சி மட்டுமன்று. அரசின் ஆயுளும் அதில்தான் தொங்குகிறது.

கியாஸுத்தீன் வீரர், ஆனால் கொடியவர். 1342இல் ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளனைக் கண்ணனூர்க் கொப்பத்தில் தோற்கடித்து, முதுமையின் விளிம்பிலிருந்த அம்மன்னரைக் கொன்று, உரித்த தோலில் வைக்கோலைத் திணித்து மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிட்டார். இப்னு பதூதா அதைக் கண்ணால் கண்டவர். சிறைப்பட்ட ஆண்களோடு பெண்களையும் குழந்தைகளையும் வெட்டிக் கொல்ல இந்த சுல்தான் ஆணையிட்டதையும் அவர் கண்டார். தாம் வேறெந்த அரசரிடமும் அறிந்திராத இழிசெயல் என்று அதை எழுதினார். இதனால்தான் இறைவன் அம்மனிதரின் மரணத்தை விரைவுபடுத்தினான் என்றும் சேர்த்தார். அவர் மாலிக்கி மத்ஹபின் காழி, சுல்தானின் விருந்தாளி, உறவினர். அப்படியிருந்தும் எழுதினார். மதுரை சுல்தான்களைப் பற்றி எழுதும் நம்மவர் சிலர் இந்தப் பக்கத்தை மட்டும் வசதியாகத் தாண்டிச் செல்வதைப் பார்க்கும்போது, பதினான்காம் நூற்றாண்டுப் பயணிக்கிருந்த நேர்மை நமக்கு ஏன் கூடவில்லை என்ற கேள்வி எழுகிறது.

இனி மதுரை. பயணி நகரத்திற்குள் நுழைந்தபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருந்தது. நோய் கண்டவர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இறந்தனர். மிஞ்சினால் நான்காம் நாள். வீட்டை விட்டு வெளியே வந்தால் கண்ணில் படுவோர் நோயாளிகள் அல்லது மய்யித்துகள். நோயற்றவள் என்று சொல்லப்பட்ட ஓர் அடிமைப் பெண்ணை அவர் வாங்கினார். மறுநாள் அவள் இறந்தாள். ஒருநாள் ஒரு பெண் தன் எட்டு வயது மகனுடன் வந்தாள். அவளுடைய கணவர் அஹ்ஸன் ஷாவின் அமைச்சர்களுள் ஒருவராயிருந்தவர். வறுமையைச் சொல்லி உதவி கேட்டாள், கொடுத்தார். இருவரும் நல்ல உடல்நலத்தோடு இருந்தனர். மறுநாள் அதே தாய் தன் மகனுக்குக் கபன் துணி கேட்டு வந்து நின்றாள்.

வெளியூரிலிருந்து திரும்பிய சுல்தான், தம் தாயும் மனைவியும் மகனும் நோயுற்றிருக்கக் கண்டார். மூன்று நாட்கள் நகரில் தங்கி, பின்னர் ஒரு பர்ஸக் தொலைவிலிருந்த ஆற்றங்கரைக்குப் பாளையத்தை மாற்றினார். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதிருப்பதும், உள்ளே இருப்போர் அதிலிருந்து ஓடாதிருப்பதும் நபிமொழி காட்டும் வழி. ஹிஜ்ரி 18இல் ஷாமில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது கலீஃபா உமர் (ரலி) ஸர்ஃக் என்னுமிடத்திலிருந்து திரும்பிச் சென்றது அறியப்பட்ட செய்தி. சுல்தான் செய்தது இதற்கு மாறானது. எனினும் காழியாகிய இப்னு பதூதா இதைக் குறித்து ஒரு சொல்லும் சொல்லாதது வியப்பே. ஆற்றின் பெயரையும் அவர் எழுதவில்லை. மதுரைச் சூழலில் வைகையைத் தவிர வேறொன்றை நினைக்க எனக்கு இயலவில்லை.

ஒரு வியாழக்கிழமை அவர் பாளையத்தை அடைந்தார். கூடாரம் அடித்துக்கொண்டிருந்தபோது மக்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஓடினர். சுல்தான் இறந்தார் என்றனர் சிலர். அவர் மகன் இறந்தான் என்றனர் வேறு சிலர். விசாரித்ததில் மகன் என்று தெரிந்தது. வேறு மகன் இல்லாத தந்தையின் நோயை அத்துயர் மேலும் முற்றச் செய்தது. அடுத்த வியாழக்கிழமை சுல்தானின் தாய் இறந்தார். மூன்றாம் வியாழக்கிழமை சுல்தானும் இறந்தார். யோகி ஒருவர் ஆண்மை பெருக்கத் தயாரித்துக் கொடுத்த, இரும்புத்தூள் கலந்த மாத்திரைகளை அளவுக்கு மீறி உண்டதால் அவர் முன்பே உடல் கெட்டிருந்தார் என்பதையும் பயணி குறிப்பிடுகிறார். தெய்வ தண்டனை, மருந்து, புத்திர சோகம் என்று மூன்று காரணங்களையும் அவர் ஒன்றையொன்று மறுக்காமல் எழுதிச் செல்கிறார்.

மகன் இருந்திருந்தால் நிகழ்ந்திராத ஒன்று அடுத்து நிகழ்ந்தது. சுல்தானின் சகோதரர் மகன் நாஸிருத்தீன் பட்டத்திற்கு வந்தார். தில்லியில் பணியாளாயிருந்து, சிறிய தந்தை அரசரானதும் ஃபக்கீர் வேடத்தில் தப்பி வந்தவர் அவர். கியாஸுத்தீனின் மகளை மணந்திருந்தவரும் நாஸிருத்தீனின் அத்தை மகனுமாகிய ஒருவரைக் கொன்று, அந்த விதவையைத் தாமே மணந்தார். சகோதரனை இழந்த பெண், கணவனையும் இழந்து, கொன்றவனுக்கே மனைவியானாள்.

இளவரசன் எங்கே அடக்கப்பட்டான்? மதுரையில் வைகையின் வடகரையிலுள்ள கோரிப்பாளையம் தர்காவை இங்கே பலர் நினைப்பர். பாரசீகத்தில் ‘கோர்’ என்றால் கல்லறை. அங்கே அடங்கியிருப்போர் சுல்தான் அலாவுத்தீனும் சுல்தான் ஷம்சுத்தீனும் என்பது மரபு. தர்காவிற்குரிய கிராமங்களின் உரிமையை உறுதிசெய்யும் வீரப்ப நாயக்கர் காலத்துக் கல்வெட்டு 1573ஆம் ஆண்டுக்குரியது. அது உரிமையின் தொடக்கத்தைக் கூன் பாண்டியன் வரை கொண்டு செல்கிறது. சைவ மரபின் பாண்டியனும், துருக்க சுல்தானும், நாயக்க மன்னனும் ஒரே கல்லில் நிற்கும் இச்சாசனம் தனியே ஆராயத்தக்கது. ஆனால் இவற்றுள் எதிலும் கியாஸுத்தீன் மகனுக்கு இடமில்லை. மரபுக்கு மரியாதை செய்வது வேறு. காலியான இடத்தை ஊகத்தால் நிரப்புவது வேறு.

சீனத்தில் அப்படி நிரப்பியிருக்கிறார்கள். சுங் வம்சத்தின் கடைசிப் பேரரசன் சாவ் பிங் 1279இல் யாமென் கடற்போரில் அமைச்சர் லூ சியூஃபூவின் முதுகில் கட்டப்பட்டுக் கடலில் மூழ்கியபோது ஏழு வயதுச் சிறுவன். இன்று ஷென்சென் நகரின் கடலோரத்தில் அவனுடையதெனக் காட்டப்படும் கல்லறை ஒன்றுண்டு. சாவ் குலத்தார் 1911இல் அதைப் புதுப்பித்தனர். அதே ஆண்டுகளில் குவான்சௌ துறைமுகத்தின் முஸ்லிம் வணிகர் பூ ஷௌகெங் மங்கோலியர் பக்கம் சேர்ந்ததும், அச்சிறுவன் மூழ்கிய இரண்டாம் ஆண்டில் (1281) அதே துறைமுகத்தில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டதும் நமக்கு அக்கறையுள்ள செய்திகள். இப்னு பதூதா தாம் சென்றதாகச் சொல்லும் ‘ஸைத்தூன்’ அந்தத் துறைமுகமே.

மதுரையில் அவரும் காய்ச்சலில் விழுந்தார். இறந்துவிடுவோம் என்றே நம்பினார். அந்நாட்டில் மிகுதியாகக் கிடைக்கும் புளியை ஒரு ரத்தல் அளவு நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போய், நோய் நீங்கிற்று. நகரம் வெறுத்துப்போய்ப் பயணத்திற்கு அனுமதி கேட்டார். மாலத்தீவுப் படையெடுப்புக்காகத் தங்கும்படி புதிய சுல்தான் சொன்னதை ஏற்காமல், துறைமுகம் சென்று கொல்லத்திற்குக் கப்பல் ஏறினார். சில ஆண்டுகள் கழித்து, 1348இல், ஷாமில் இதைவிடப் பெரிய கொள்ளைநோயைக் கண்டார். தாயகம் திரும்பும் வழியில் தாஸா நகரை அடைந்தபோது, தம் தாய் அந்நோயால் இறந்த செய்தி வந்தது. அவர் தான்ஜியருக்குச் சென்று தாயின் கபுறை ஸியாரத் செய்தார்.