மலைக் கிரயம்

நாமகிரிப்பேட்டையில் பத்திரம் எழுதுகிறவன் இரண்டு மலைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறான். வடக்கே போதமலை, தென்கிழக்கே கொல்லிமலை. செவ்வாய்க்கிழமை ஏலத்துக்கு விரலியும் உருண்டையும் பனங்காளியுமாக மஞ்சள் மூட்டைகள் வந்து இறங்கும் ஊர் இது. நல்ல விலை கிடைத்து மடியில் பணம் சேர்ந்தவருக்கு ஒரு காலத்தில் ராசிபுரத்தில் மனை வாங்கத் தோன்றும். இப்போது மலைமேல் ஒரு ஏக்கர் வாங்கத் தோன்றுகிறது. சின்னதாக ஒரு வீடு, சில்வர் ஓக் மரத்தில் நாலு மிளகுக்கொடி, சனி ஞாயிறு போய்ப் படுத்து எழுந்து வரலாம் என்கிறார்கள். சேலம், ஈரோடு, பெங்களூரிலிருந்தும் ஆள் வருகிறது. தொழிலை விட்ட பிறகும் என்னைத் தேடி வருகிறவர்கள் அதிகமும் இந்த மலை நிலத்துக்காரர்கள்தான். மலையில் நிலம் எப்படிக் கைமாறி வந்தது என்று தெரியாமல் அங்கே கிரயம் பேசக் கூடாது என்பது என் கட்சி.

கொல்லிமலை நாடுகளாகப் பிரிந்து கிடந்த மலை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேளூர் நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு. இன்றைக்கு 14 ஊராட்சிகளாக இருப்பவை பெரும்பாலும் அந்தப் பழைய நாடுகளே. இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையாகச் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று பிரிந்துபோனார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. 1909-ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் அந்தக் கதை பதிவாகியிருக்கிறது. நாட்டுக்கு ஒரு பட்டக்காரர், ஊருக்கு ஓர் ஊர்க்கவுண்டர். யார் எந்தச் சரிவைத் திருத்தி விதைப்பது, எந்த ஓடையில் யார் மடை கட்டுவது என்பதெல்லாம் அவர்கள் முன்னால் பேசித் தீர்ந்த சங்கதி. பள்ளத்தில் நெல், மேட்டில் சாமை, தினை, கேழ்வரகு. ஏர் ஓடும் நிலம் ஒரு கணக்கு, கொத்திப் பயிர் செய்யும் கொத்துக்காடு வேறொரு கணக்கு. விற்பனை என்ற பேச்சே அந்தக் கணக்கில் வராது. விற்றுவிட்டு எங்கே போவது?

வெளியாள் நிலம் வாங்கிய முதல் மலை நம் பக்கத்தில் ஏற்காடுதான். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே காப்பியும் பழமரங்களும் கொண்டுவந்து வைத்தார். அவருக்குப் பின்னால் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் பாதிரிமார், பள்ளிக்கூடங்கள், கோடைக்கால பங்களாக்கள். சேர்வராயன் மலையில் சாமை விதைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் காப்பித் தோட்டத்துக் கூலிக்காரர்கள் ஆனார்கள். கல்வராயன் மலையின் கதை வேறு. அங்கே ஜாகீர்தாரர்கள் இருந்தார்கள்: சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர். ஏருக்கு இவ்வளவு, கொத்துக்கு இவ்வளவு என்று வரி, அதற்குமேல் கூலியில்லாத வேலை. நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அந்த ஆட்சி நடந்தது. 1976-ல்தான் அது ஒழிந்தது.

கொல்லிமலைக்குத் தோட்டக்காரர்களும் பெரிதாக வரவில்லை, ஜாகீரும் இல்லை. 1882-ல் வந்த மதராஸ் வனச்சட்டம் மட்டும் வந்தது. மலையைச் சுற்றியுள்ள சரிவுகள் ரிசர்வ் காடாகிப் போயின. மேலே உள்ள மேட்டு நிலம் குடிகளிடம் நின்றது. அதனால் அந்த மலை தப்பித்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே நிலம் கிரயத்தால் போகவில்லை, கடனால் போனது. அந்தக் கடன் பத்திரங்களை எழுதியவர்களில் நானும் ஒருவன், என் குருநாதரும் ஒருவர்.

அது நடந்த விதத்தைச் சொல்கிறேன். மலைக்காரர் மிளகோ பலாவோ கொண்டு அடிவாரச் சந்தைக்கு இறங்குவார். வியாபாரி அடுத்த வருஷத்து மகசூலுக்கு இந்த வருஷமே முன்பணம் கொடுப்பார். கல்யாணம், காரியம், காய்ச்சல் என்று ஒன்று வந்தால் முன்பணம் கடனாக மாறும். கடன் நின்றால் பலாமரத்தை மூன்று வருஷக் குத்தகைக்கு எழுதுவார்கள். அதுவும் தீராவிட்டால் மரம் நின்ற காட்டைப் போக்கியம் எழுதுவார்கள். பணம் திரும்பும்வரை காடு வியாபாரியின் அனுபவத்தில் இருக்கும், வட்டிக்குப் பதில் விளைச்சல். பணம் திரும்பாது. இருபது வருஷம் கழித்து அப்பனும் வியாபாரியும் செத்த பிறகு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். அப்போது எழுதுவதுதான் கிரயம். ரொக்கம் அநேகமாக அன்றைக்குக் கைமாறுவதில்லை. அது என்றைக்கோ தின்று தீர்ந்த பணம்.

அப்படி ஒரு பழைய போக்கியச் சீட்டு என் கைக்கு வந்தது. பதிவு செய்யாத சீட்டு. மடிப்பு விழுந்த இடமெல்லாம் எழுத்து உதிர்ந்திருந்தது. கீழே இடது கைப் பெருவிரல் ரேகை, மை தடித்து வெறும் கறுப்புத் திட்டு. செக்குபந்தியில் வடக்கே பெரிய பலாமரம், தெற்கே ஓடை, கிழக்கே வழுக்குப்பாறை, மேற்கே தம்பி காடு என்று கண்டிருந்தது. புல எண்ணும் இல்லை, ஏக்கர் கணக்கும் இல்லை. காட்டைப் பார்க்கப் போனால் வடக்கே பலாமரத்தைக் காணோம், காற்றில் சாய்ந்து விறகாகிப் பல வருஷம். வாங்க வந்தவர் சலித்துக்கொண்டார். காட்டுக்காரக் கிழவரோ அசையவில்லை. "மரம் போனா போகட்டும் சாமி, அது நின்ன எடத்துல எங்க பாட்டிய அடக்கம் பண்ணியிருக்கு. அது எனக்குத் தெரியும், இவனுக்குந் தெரியும்" என்று பக்கத்துக் காட்டுக்காரரைக் காட்டினார். அவரும் தலையாட்டினார். அந்த எல்லையில் அதுவரை தகராறே வந்ததில்லை. சர்வேயர் சங்கிலி பிடித்த பிறகுதான் வந்தது.

1979-க்கும் 1987-க்கும் இடையே தமிழ்நாடு முழுக்க நில உடைமைப் பதிவு மேம்பாடு நடந்தது. யு.டி.ஆர். என்றால்தான் எல்லோருக்கும் புரியும். சமவெளியிலேயே அதில் பிழைகள் ஏராளம், இன்றைக்கும் கோர்ட்டில் கிடக்கின்றன. மலையில் கேட்க வேண்டாம். பாட்டன் பெயரில் கூட்டுப் பட்டா, அதில் ஏழெட்டுப் பங்காளி, அனுபவத்தில் இருப்பவர் பெயர் விட்டுப்போயிருக்கும், ஊரைவிட்டுப் போனவர் பெயர் ஏறியிருக்கும். தரகனுக்கு வேண்டியது இந்தக் குழப்பம்தான். ஒரு பங்காளியைத் திருச்செங்கோட்டுப் பக்கம் தேடிப் பிடித்து பவர் பத்திரம் வாங்கிவிட்டால் மலைமேல் ஊரே ஆச்சரியப்படுகிற மாதிரி ஒரு நாள் கம்பிவேலி வந்து நிற்கும்.

அதே காலத்தில் மரவள்ளிக் கிழங்கும் மலையேறியது. சேலத்து ஜவ்வரிசித் தொழில் 1943-ல், உலகப்போரால் மலேயாச் சரக்கு நின்ற சமயத்தில் பிறந்தது. நாமகிரிப்பேட்டை, ஆத்தூர் வட்டாரமெங்கும் மில்கள் பெருகின. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. மில்லுக்குக் கிழங்கு வேண்டும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போகும் சாலையில் லாரி போய்வரலாம் என்றானதும் சாமைக்காடும் தினைக்காடும் கிழங்குக்காடாயின. சாமை விதைத்தவன் அதைத் தின்றான். கிழங்கு போட்டவன் விற்று அரிசி வாங்கினான். விலை விழுந்த வருஷம் கடன் வாங்கினான். பழைய முன்பணக் கதைதான், மிளகுக்குப் பதில் கிழங்கு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கொல்லிமலையில் பல வருஷம் தங்கிச் சிறுதானிய விதைகளைக் காப்பாற்றினார்கள். விதை பிழைத்தது. அடமானம் போன காடு திரும்பவில்லை.

சட்டம் எங்கே போனது என்று கேட்கலாம். ஆந்திரத்தில் பழங்குடிப் பகுதி நிலத்தைப் பழங்குடி அல்லாதவர் வாங்கவே முடியாது, 1970-ன் முதலாம் ஒழுங்குமுறை அப்படி. கேரளம் 1975-ல் சட்டம் போட்டது. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஒரு சென்ட் நிலம்கூட இல்லை, ஆந்திரத்தைப் போன்ற முழுத் தடைச்சட்டமும் இல்லை. அரசு ஒப்படைத்த கண்டிஷன் பட்டாவுக்கு நிபந்தனை உண்டு. 2006-ன் வன உரிமைச் சட்டத்தில் கொடுத்த உரிமையை வாரிசுக்கு விடலாம், விற்க முடியாது. வீடு கட்டவும் மனை பிரிக்கவும் 1990-ல் அமைத்த ஹாக்கா என்ற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது, அதன் பட்டியலில் உள்ள கிராமமென்றால் அனுமதி வேண்டும். தரகர்கள் இந்த மூன்றையும் சொல்வதில்லை. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்பார்கள். பதிவே நடக்காத இடத்தில் வில்லங்கம் எப்படி ஏறும்?

பத்திரத்தில் சமவெளிக்காரனுக்கு ஒரு வரி உயிர்: மாமூல் வண்டித்தடத்தில் போகவர பாத்தியம். மலையில் வண்டியும் இல்லை, தடமும் ஒருவர் வரப்பு, இன்னொருவர் வாசல், மூன்றாமவர் மிளகுத் தோட்டம் என்று போகும். அதை எந்தச் செக்குபந்தியில் எழுதுவது? நான் எழுதிக் கொடுத்துவிட்டேன், பாதை கிடைக்காமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள் இருக்கின்றன. தண்ணீரும் அப்படியே. மேல்காட்டுக்காரர் மடையை விட்டால்தான் கீழ்க்காட்டுக்கு வரும், அது ஊர்ப் பேச்சு, காகிதத்தில் இல்லை. வெளியூர்க்காரர் நானூறு அடிக்கு போர் போட்டு அந்தப் பேச்சைத் தாண்டிவிடலாம் என்று நினைக்கிறார். அதற்குப் பிறகு அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரில் ஒருவர் வரமாட்டார். வேலைக்கு ஆளும் கிடைக்காது.

இனி போதமலை. கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று குக்கிராமம். சுதந்திரத்துக்குப் பிறகும் சாலை கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் வாக்கு இயந்திரத்தைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு அதிகாரிகள் மலையேறும் படம் பேப்பரில் வரும். பிரசவ வலி கண்ட பெண்ணைத் தூளியில் கட்டி இறக்கியவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்ததில்லை. இப்போது சுமார் 140 கோடி ரூபாய்ச் செலவில் சாலை போடுகிறார்கள். போட வேண்டியதுதான், ஐம்பது வருஷம் முன்பே போட்டிருக்க வேண்டும். ஆனால் சாலை மேலே போய்ச் சேருமுன் தரகர் போய்ச் சேர்ந்துவிட்டார். கூட்டுப் பட்டாவுக்குப் பங்காளிகளைத் தேடுகிறார்கள் என்று என் காதுக்கே வருகிறது.

மலையில் இருக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்க்கவுண்டரிடம் போங்கள், ஒரு வீட்டை வருஷ வாடகைக்குக் கேளுங்கள், ஒரு மழைக்காலம் முழுக்க இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டுமென்றால் அ-பதிவேட்டையும் அடங்கலையும் பாருங்கள், பங்காளி எல்லோரும் நேரில் வந்து கையெழுத்துப் போடுகிறார்களா என்று பாருங்கள், விற்கிறவருக்கு இருக்க வேறு காடு உண்டா என்று கேளுங்கள். போதமலையில் எல்லாக் குடும்பத்துக்கும் தனிப்பட்டா ஆகிறவரை அங்கே கிரயம் எழுதச் சொல்லி யாரும் என்னிடம் வர வேண்டாம்.